குளிர் கற்றுத்தந்த தையல்

என் முதல் சாஷிகோ துணி பொரித்த அப்பளம்போல வந்தது. ஒரு சாண் சதுரத்தில் நீலத் துணி, வெள்ளை நூல். கோடு போட்டுக்கொண்டு ஒழுங்காகத்தான் தைத்தேன். முடித்து மேசைமேல் வைத்தால் நான்கு மூலையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது, நடுவில் ஒரு மேடு. இஸ்திரி போட்டேன். சூட்டில் படிந்து, ஆறியதும் மறுபடி எழுந்துகொண்டது.

வெட்கமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. சாஷிகோவில் இருப்பது ஒரே ஒரு தையல். ஊசியை மேலே எடு, கீழே விடு, மேலே எடு. தையல் வகுப்பில் முதல் நாள் சொல்லித்தரும் ஓட்டுத்தையல்தான். ரன்னிங் ஸ்டிச் என்பார்கள். சங்கிலித் தையல் கிடையாது, முடிச்சுத் தையல் கிடையாது, இலைக்கு ஒன்று பூவுக்கு ஒன்று என்று வகைவகையாக எதுவும் கிடையாது. இதில்கூடவா தப்பு வரும் என்று தேடிப் போனேன். இந்தத் தையலின் விதிகளெல்லாம் அழகுக்காகப் பிறந்தவை அல்ல, ஜப்பானின் வடக்கே குளிரோடு மல்லுக்கட்டியவர்கள் வேலைத் துணிக்காகக் கண்டுபிடித்தவை என்று அப்போதுதான் புரிந்தது. அந்தக் கதை தெரிந்தால் தையலும் பாதி வந்துவிடும்.

பருத்தி விளையாத ஊர்

ஜப்பானிய மொழியில் ‘சாஸு’ என்றால் குத்துவது. சாஷிகோ என்பதைச் ‘சின்னக் குத்துகள்’ என்று சொல்லலாம். எடோ காலத்தில் (1603–1868) உழவர்கள், மீனவர்கள் வீடுகளில் வளர்ந்த கைவேலை இது. பல ஊர்களில் இருந்தாலும், ஹொன்ஷு தீவின் வடபகுதியில்தான் உச்சத்துக்குப் போனது. இன்றைய அவோமோரி, யமகத்தா மாகாணங்கள் அங்கே இருக்கின்றன.

அந்தக் குளிரில் பருத்தி விளையாது. விளைந்தது ஹெம்ப் என்னும் நார்ச்செடி. அதன் நாரைத் திரித்து நெய்த துணி உறுதியானது, ஆனால் கண் கண்ணாக இருக்கும். கோடைக்கு நல்லது, பனிக்காற்றுக்குத் தாங்காது. போதாததற்கு, அவோமோரியின் மேற்குப் பகுதியான ட்சுகாருவில் உழவர்கள் பருத்தி ஆடை உடுத்தக் கூடாது என்று 1724-இல் ஆட்சியாளர்கள் கட்டளையே போட்டார்கள். ஹெம்ப் துணியை நீலச்சாயத்தில் தோய்த்து, கிடைத்த நூலால் அதன் கண்களை அடைப்பதுதான் பெண்களுக்கு இருந்த வழி. வெள்ளைப் பருத்தி நூல் கைக்கு வரத் தொடங்கியதும் அந்த அடைப்பு கோலம் கொண்டது. அதற்குப் பெயர் கோகின். துணியின் இழைகளை 1, 3, 5 என்று ஒற்றைப்படையில் எண்ணி நூலை ஓட்டுவார்கள். வடிவங்களுக்கு வைத்த பெயர்கள் அடுப்படியிலும் வயலிலும் கண்டவை: பூ, அவரை விதை, பூனைக்கண்.

அதே அவோமோரியின் கிழக்கே, நம்பு பகுதியில், இழைகளை இரட்டைப்படையில் எண்ணினார்கள். இந்த ஒரு மாற்றத்தில் உருவமே மாறிவிடுகிறது. கோகினின் சாய்சதுரம் நெடுக்கில் நீண்டு நிற்கும். நம்புவின் ஹிஷிஸாஷி அகலவாட்டில் படுத்திருக்கும். யமகத்தாவின் ஷோனாய் சாஷிகோவையும் சேர்த்து இம்மூன்றையும் ஜப்பானின் முப்பெரும் சாஷிகோ என்பார்கள்.

தெற்கே ஒசாகா பக்கமிருந்து ஜப்பான் கடல் வழியாக வடக்கே போய்வந்த வணிகக் கப்பல்கள், மற்றவர்கள் உடுத்திக் கழித்த பருத்தித் துணிகளையும் ஏற்றிவந்தன. வடக்கே அது பொக்கிஷம். மூன்று சிவப்புக் காராமணியை முடிந்துவைக்கும் அளவு துணி இருந்தாலும் எறியாதே என்று அந்தப் பக்கம் ஒரு சொலவடை உண்டு. கிழிந்த இடத்தில் ஒட்டு, ஒட்டின்மேல் ஒட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கச் சாஷிகோ. அப்படித் தலைமுறைகள் தாண்டிய கந்தலுக்கு ‘போரோ’ என்று பெயர். ஒரு காலத்தில் வெளியே காட்டக் கூசிய போரோ இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகிறது.

உடம்பு எங்கே உராய்கிறதோ அங்கே தையல் நெருங்கும். மேற்கு ட்சுகாருவின் கோகின் சட்டையில் தோள்பட்டையில் கோடுகோடாக அடர்த்தியான தையல் இருக்கும். சுமை அழுத்தும் இடம் அது. ஷோனாயில் பனிச்சறுக்கு வண்டி இழுப்பவர்களின் மேலங்கியில், கயிறு மார்பில் உரசும் தடத்தில் தையல் தடித்திருக்கும். இன்றைய தோக்கியோவான எடோ நகரத்துத் தீயணைப்புக்காரர்கள் பல அடுக்குத் துணியைச் சாஷிகோவால் இறுக்கிய கனத்த மேலங்கி போட்டு, அதைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நெருப்புக்குள் போனார்கள். அடுக்குகள் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அங்கியின் உட்புறத்தில் டிராகனோ வீரனோ வரைந்திருக்கும். தீ அணைந்ததும் உள்ளை வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு வீதியில் நடப்பார்கள்.

1891-இல் தோக்கியோவிலிருந்து அவோமோரிவரை ரயில் பாதை நிறைவடைந்தது. பருத்தித் துணி மலிவாக வந்திறங்கியது. குளிருக்காகத் தைத்தவர்களுக்குத் தைக்கவேண்டிய தேவை போனது. கோகினும் மெல்ல மறைந்தது. கிராமத்துக் கைவினைகளின் அழகை நாட்டுக்கு எடுத்துச்சொன்ன யானகி சோயெட்சு 1932-இல் தன் ‘கோகெய்’ இதழில் கோகினைப் பற்றி எழுதிய பிறகுதான் கவனம் அதன்மேல் திரும்பியது. தொடர்ச்சி இன்னும் அறவில்லை. 2011 ஆழிப்பேரலையில் நொறுங்கிய இவாத்தே மாகாணத்து ஓட்சுச்சி ஊரில், வீடிழந்த பெண்கள் கையில் வேலை வேண்டுமென்று தொடங்கியதும் சாஷிகோதான். ஜூடோ பார்த்தவர்களுக்கு இதன் சாயல் ஏற்கெனவே தெரியும். அவர்களுடைய தடித்த வெள்ளைச் சட்டையில் அரிசி அரிசியாகப் புடைத்திருக்கிறதே, அந்த நெசவுக்கும் சாஷிகோ என்றே பெயர். அங்கே ஊசியின் வேலையைத் தறி எடுத்துக்கொண்டது.

என்ன வாங்க வேண்டும்

கோகினுக்கும் ஹிஷிஸாஷிக்கும் இழை எண்ண வேண்டும். கண்ணுக்கும் பொறுமைக்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் துணியில் கோடு வரைந்து தைக்கும் சாஷிகோதான் ஏற்றது.

துணி, நடுத்தரமாக நெய்த பருத்தியாக இருக்கட்டும். பாப்ளின் மாதிரி நெருக்கமான துணியில் ஊசி அடம்பிடிக்கும். மெல்லிய காடாத் துணி நன்றாக வழிவிடும். தைக்குமுன் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள். சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடட்டும்.

சாஷிகோ நூல் பல இழைகளைத் தளர்வாக முறுக்கிய பருத்தி நூல். எம்பிராய்டரி நூலைப்போல இழை பிரித்துத் தைப்பதில்லை, முழுசாகவே கோக்க வேண்டும். பளபளப்பு இல்லை, துணியோடு ஒட்டி உட்காரும். கோக்கும் நூல் ரொம்ப நீளமாக வேண்டாம். நீளமானால் துணிக்குள் போய்வந்து போய்வந்து பிசிறடிக்கும்.

ஊசி சாதாரண ஊசியைவிட நீளம், முனை கூர்மை, காது பெரிது. நீளம் எதற்கென்றால், ஒரே தடவையில் ஏழெட்டுத் தையல் ஊசிமேல் ஏற வேண்டும். அந்தக் கனத்தைத் தள்ள, நடுவிரலின் அடியில் மோதிரம்போல மாட்டிக்கொள்ளும் ஒரு கவசம் உண்டு. அதில் உள்ள வட்டத் தகடு உள்ளங்கையில் உட்காரும். ஊசியின் காதுப் பக்கம் அந்தத் தகட்டில் முட்டிக்கொள்ளும்.

வாங்கக் கூடாத ஒன்றும் உண்டு: எம்பிராய்டரி வளையம். துணியை முரசுத்தோல்போல விறைப்பாகப் பிடித்தால் அதை மடித்து ஊசியில் ஏற்ற முடியாது. ஒவ்வொரு குத்தையும் தனித்தனியாகக் குத்தி, தனித்தனியாக இழுக்க வேண்டிவரும். நான் செய்தது அதுதான்.

ஊசி நிற்க, துணி நடக்கும்

ஜப்பானியத் தையலில் ‘உன்ஷின்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. ஊசி ஓட்டுதல் என்று பொருள். வலக்கையில் ஊசி ஏறக்குறைய அசையாமல் இருக்கும். இரண்டு கையும் துணியைப் பிடித்து மேலும் கீழும் அசைக்க, துணி அலை அலையாக மடிந்து ஊசியில் ஏறும். முதலில் வினோதமாக இருக்கும். ஒரு வாரம் பழைய துணியில் நூல் கோக்காமல்கூடப் பழகலாம். பழகியபின் தையல்கள் தாமாகவே ஒரே அளவில் விழும். அளந்து குத்தும்போது கண் செய்கிற வேலையை இப்போது கையின் தாளம் செய்கிறது.

ஊசி நிறைந்ததும் நூலை இழுப்பீர்கள். துணி சுருங்கிக்கொண்டு வரும். அப்படியே அடுத்த தையலுக்குப் போகக் கூடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தையல் வரியைப் பிடித்து, தொடங்கிய இடத்திலிருந்து ஊசி இருக்கும் பக்கம் மெதுவாக நீவிவிட வேண்டும். சுருக்கம் பிரியும், நூல் தனக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொண்டு தளர்ந்து படுக்கும். இதற்கு ‘இத்தோகோகி’ என்று தனிப் பெயரே இருக்கிறது. இந்த ஒரு நீவலை விட்டதால்தான் என் துணி அப்பளமானது. நூல் இறுக்கமாக இருந்தால் உறுதி என்று நாம் நினைக்கிறோம். வேலைத் துணியில் அது நேர்மாறு. உடுத்திக்கொண்டு குனிந்து நிமிரும்போது துணி இழுபடும். நூலில் தளர்வு இல்லாவிட்டால் நூல் அறும், அல்லது துணி கிழியும்.

மற்ற விதிகளும் இதே வழியில் வந்தவைதான். முன்பக்கத் தையல் மூன்று பங்கு என்றால் பின்பக்கம் இரண்டு பங்கு. மேலே ஓர் அரிசி நீளம் தெரிந்து, கொஞ்சம் மறைந்து, மறுபடி தெரிந்தால் தூரத்திலிருந்து அறுபடாத கோடாகத் தோன்றும். கோடு திரும்பும் மூலையில் ஒரு தையல் சரியாக முடிய வேண்டும். இல்லாவிட்டால் மூலை மழுங்கும். பல கோடுகள் சந்திக்கும் நடுப்புள்ளியில் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும். ஏறினால் அங்கே முண்டு விழும். முண்டுதான் முதலில் தேயும். பின்பக்கத்தில் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குத் தாவும்போது நூலைச் சின்ன வளையமாகத் தொங்கவிடுங்கள். துவைக்கும்போது துணி அசைய இடம் வேண்டுமே. முடிச்சும் போடுவதில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று நான்கு தையலை அதே தடத்தில் இரட்டித்துவிட்டால் நூல் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

எதைத் தைப்பது

ஜப்பானில் தொடக்கக்காரர்கள் வழக்கமாகத் தைப்பது ‘ஹனாஃபுகின்’, அதாவது பூத்துடைப்புத் துணி. வெளுத்த பருத்தித் துணியை இரண்டாக மடித்துச் சேர்த்துத் தைத்த சதுரம், ஒரு பக்கம் ஏறக்குறைய 34 செ.மீ. பாத்திரம் துடைக்க, மூடிவைக்க.

அதில் முதலில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். படுக்கைக் கோடுகளை எல்லாம் முடித்துவிட்டு, நெட்டுக் கோடுகளைத் தையுங்கள். படுக்கைத் தையலின் நடுவில் நெட்டுத் தையல் குறுக்கே விழுந்தால் துணி முழுக்கக் கூட்டல் குறிகள் பூக்கும். இதற்கு ஜூஜிஸாஷி என்று பெயர். ‘பத்து’ என்னும் ஜப்பானிய எழுத்து கூட்டல் குறி வடிவத்தில்தான் இருக்கும். அதன்மேல் இரண்டு திசையிலும் சாய்ந்த தையலைச் சேர்த்தால் அந்த எழுத்து ‘அரிசி’ என்ற எழுத்தாக மாறிவிடுகிறது. அதுதான் கொமேஸாஷி, அரிசித் தையல். துணியெங்கும் அரிசி விளையட்டும் என்பது தைத்தவர்களின் ஆசை. இவ்வகையில் குறுக்குத் தையல்தான் கோலமே என்பதால், மேலே சொன்ன நடுப்புள்ளி விதி இதற்குக் கிடையாது.

அடுத்து வரைந்து தைக்கும் கோலங்கள். ஒன்றன்மேல் ஒன்று கவிந்த வட்டங்கள் ஷிப்போ. விசிறி விசிறியாக அலை அடுக்கினால் செய்கைஹா. ஆறு முனை நட்சத்திரமாக விரிவது அசனோஹா, ஹெம்ப் இலை. ஹெம்ப் நேராகவும் வேகமாகவும் வளர்வதால், பிள்ளையும் அப்படி வளரட்டும் என்று குழந்தைத் துணியில் அதைப் போடுவார்கள்.

ஷிப்போ தைக்கப் போகிறவர்கள் ஒவ்வொரு வட்டமாகச் சுற்றிவரப் பார்ப்பார்கள். வேண்டாம். வட்டத்தின் மேல் வளைவு, அடுத்த வட்டத்தின் கீழ் வளைவு, மறுபடி மேல் என்று பாம்புபோல நெளிந்து துணியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை போங்கள். திரும்பிவரும்போது விட்டுப்போன பாதி வளைவுகள் நிரம்பும். நூலும் மிச்சம், தாவலும் குறைவு. எந்தக் கோலமானாலும் ஊசியை எடுக்கும்முன் ஒரு பென்சிலால் காகிதத்தில் அதன் நெடுவழியைக் கண்டுபிடியுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. துவைத்தால் போகும் மையில் கோடு போட்டிருந்தால், கோடு போகும்வரை இஸ்திரி வைக்காதீர்கள். சில மைகள் சூட்டில் நிலைத்துவிடும்.

என் அப்பளத்தைப் பிரித்துத் தைக்க மனசில்லை. அடியில் இன்னொரு துணி வைத்து, இந்த முறை நீவி நீவி, இரண்டையும் சேர்த்துக் கோணல்மாணலாக ஒரு சுற்று தைத்தேன். இப்போது அது அடுப்படியில் பிடித்துணி. சூடான பாத்திரத்தை இறக்கும்போது, மேடும் பள்ளமுமாக இருக்கிற அந்த இரண்டு அடுக்கு கையைச் சுடவிடுவதில்லை. சமதளமாக வந்த இரண்டாவது துணி அலமாரியில் மடித்தபடியே இருக்கிறது.