அண்டா எங்கே? கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

பி.காம். படித்தவனுக்கு டேட்டாபேஸ் வராது என்று யாரோ புரளி கிளப்பி விட்டிருக்கிறார்கள். கிளப்பியவர் நிச்சயம் பி.ஈ. படித்தவராகத்தான் இருக்க வேண்டும்! நான் அடித்துச் சொல்கிறேன்: பேரேடு எழுதத் தெரிந்தவனுக்கு டேட்டாபேஸ் பாதி தெரிந்த மாதிரி. மீதிப் பாதியைக் கற்கத் தேவையான சாமான்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

திருத்தணி பக்கம் கே.ஜி.கண்டிகையில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன். பி.காம். முடித்துவிட்டு, தினம் திருத்தணியில் ரயிலேறி, சென்னையில் ஓர் ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருக்கிறான். போன மாதம் வந்து தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, நாற்பதாயிரம் கட்டினா ஆறே மாசத்துல வெப் டெவலப்பர் ஆக்கிடறாங்களாம். அம்மா வளையலை அடகு வைக்கலாமான்னு பார்க்கறேன்."

"வளையல் அம்மா கையிலயே இருக்கட்டும். உங்க சித்தப்பா கடை நோட்டை எடுத்துட்டு வா" என்றேன்.

சித்தப்பாவுக்கு வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, தாம்பாளம், ஜமக்காளம், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் உண்டு. முகூர்த்த சீசன் வந்துவிட்டால் எந்த அண்டா எந்த வீட்டில் குடியிருக்கிறது என்பது தணிகைமலை முருகனுக்கே வெளிச்சம். நோட்டில் ஒரே ஆசாமியின் பெயர் மூன்று விதமாக எழுதியிருந்தது. போன் நம்பர் ஒவ்வொரு தடவையும் புதிதாக.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த எட்கர் காட். 1970-ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம், நம்ம ஊர் பாஷையில் இவ்வளவுதான்: தகவலை அட்டவணைகளாகப் பிரித்து வை, ஒரே சங்கதியைப் பத்து இடத்தில் எழுதாதே. வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணை, சாமானுக்கு ஒன்று, யார் எதை எப்போது எடுத்துப் போனார் என்பதற்கு ஒன்று. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பேரேட்டின் பக்க எண் மாதிரி! அதைத்தான் 'பிரைமரி கீ' என்று கோட் போட்டு அழைக்கிறார்கள்.

இன்னொன்று. பற்று எழுதிவிட்டு வரவு எழுதாமல் எழுந்து போனால் கணக்கு நிற்காது இல்லையா? டேட்டாபேஸில் இரண்டையும் ஒரே 'டிரான்ஸாக்‌ஷன்' ஆக்கிவிடலாம். நடுவில் கரண்ட் போனால் பாதிக் கணக்கை அழித்து, பழைய நிலைக்கே கொண்டுபோய் விடும். இரட்டைப் பதிவு படித்தவனுக்கு இதெல்லாம் பழைய சோறு.

சரி, சாமான்கள்? முதலில் 'எஸ்.க்யூ.லைட்'. 2000-ல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்டது. மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயே அது இருக்கிறது! கை பழகியபின் 1995-ல் வந்த 'மை எஸ்.க்யூ.எல்.', வெப் பக்கத்துக்கு அதே வருடம் வந்த 'பி.எச்.பி.' இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிறது 'எக்ஸாம்ப்'. (இதில் 'மை எஸ்.க்யூ.எல்'-லுக்குப் பதில் அதன் உடன்பிறப்பான 'மரியா டி.பி.' இருக்கும். கவலை வேண்டாம், பாஷை ஒன்றுதான்.)

பாடம்? 2012-ல் தொடங்கிய 'கணியம்' இதழ்க்காரர்கள் தமிழிலேயே கம்ப்யூட்டர் புத்தகங்களைக் காசில்லாமல் தருகிறார்கள். து.நித்யா எழுதிய 'எளிய தமிழில் மை எஸ்.க்யூ.எல்.' அதில் ஒன்று. பம்பாய் ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' வீடியோக்கள் தமிழ்க் குரலிலும் உண்டு. ஆழமாக வேண்டுமா? ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டெல். வகுப்புகள். பார்க்கக் காசில்லை, சான்றிதழ்ப் பரீட்சை எழுதினால்தான் கட்டணம்.

தம்பி ரயிலில் பாடம், ராத்திரி கம்ப்யூட்டர் என்று இறங்கினான். மூன்றாம் வாரம் முதல் கேள்வி கேட்டான்: திரும்பி வந்த தேதி காலியாக உள்ள அண்டாக்கள் எவை? பதில்: ஒன்றுமில்லை. "பரவாயில்லையே, எல்லாம் வந்துடுச்சு போல!" என்று சித்தப்பாவுக்கு ஏக குஷி.

தம்பிக்கு உறைத்தது. நேற்று போன அண்டா இன்று எப்படி வந்திருக்கும்? இரண்டு நாள் பாடத்தைப் புரட்டினான். 'நல்' என்றால் 'இன்னும் தெரியாது' என்று அர்த்தம். தெரியாததைத் தெரியாததோடு சமக்குறி போட்டு ஒப்பிட முடியாது. 'இஸ் நல்' என்றுதான் கேட்க வேண்டும். மாற்றிக் கேட்டான். வெளியே நான்கு அண்டா! ஒன்று எட்டு மாதமாக ஒரு வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறது. சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"இதையெல்லாம் இப்ப ஏ.ஐ.யே எழுதித் தருமே சார்" என்பீர்கள். தரும். கணக்குப்பிள்ளை எழுதினாலும் ஆடிட்டர் பார்த்துத்தானே கையெழுத்துப் போடுகிறார்? வந்த பதில் தப்பு என்று சந்தேகப்பட, உங்களுக்குக் கடையும் தெரிய வேண்டும், பாஷையும் தெரிய வேண்டும்.

வகுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. கேள்வி கேட்க ஓர் ஆசிரியர் இருந்தால் நல்லதுதான். ஆனால் பணம் கட்டுமுன் மூன்று மாதம், உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டுக் கணக்கோ, பால் கணக்கோ, ஆபீஸ் காபிக் கணக்கோ... முழுசாக முடியுங்கள். தினமும் ஒரு பேக்கப் எடுத்துவையுங்கள். அடுத்தவர் போன் நம்பரைப் பொதுவில் ஏற்றாதீர்கள்.

இன்டர்வியூவில் "என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டால், திறந்து காட்ட ஒன்று இருக்கும். மூன்று மாதத்தில் பிடிக்கவில்லையா? நஷ்டம் கொஞ்சம் தூக்கம் மட்டும்தான். அதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசூல் செய்துகொள்ளலாம்!