கியோட்டோவில் கூட்டமில்லாத ஒரு நாள்

கியோட்டோவுக்குப் போகிறவர்கள் தங்கத் தகடு போர்த்திய கின்காகுஜியையும், சிவப்புத் தோரண வாசல்கள் வரிசை கட்டி நிற்கும் ஃபுஷிமி இனாரியையும் பார்க்காமல் திரும்புவதில்லை. 794 முதல் 1868 வரை ஜப்பானின் தலைநகராக இருந்த ஊராச்சே! நாங்களும் இரண்டு நாள் அந்தக் கூட்டத்தில் இடிபட்டோம். மூன்றாம் நாள், "ஏங்க, இன்னிக்காவது கூட்டமில்லாத இடமாப் போகலாமே" என்றேன்.

அராஷியாமாவிலிருந்து பஸ் ஏறி, மலையடிவாரத்தில் உள்ள ஒடாகி நென்புட்ஸுஜி கோயிலில் இறங்கினோம். 1950-ல் புயலில் சிதைந்த கோயில் இது. சிற்பியுமான கோச்சோ நிஷிமுரா என்ற குரு அதைச் சீர்படுத்தினார். 1981-லிருந்து பத்து வருஷம், உளி பிடித்தறியாத சாதாரண ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்து, புத்தரின் சீடர்களைச் செதுக்க வைத்தார். மொத்தம் 1,200 சிலைகள்! ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. ஒருவர் கையில் டென்னிஸ் மட்டை. இரண்டு பேர் கோப்பையும் கையுமாகச் சிரிக்கிறார்கள். தலையெல்லாம் பாசி படிந்து, பச்சைக் குல்லாய் போட்ட மாதிரி இருக்கிறது. பார்க்கப் பார்க்க நமக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அங்கிருந்து கூரை வேய்ந்த பழைய வீடுகள் உள்ள தெரு வழியே இறங்கினால் அடாஷினோ நென்புட்ஸுஜி. அந்தக் காலத்தில் இது மயான பூமி. கேட்பாரற்றுக் கிடந்த சுமார் 8,000 கற்சிலைகளைத் திரட்டி இங்கே வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் மாதக் கடைசியில் அவற்றுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவார்களாம்.

இங்கே ஜிஸோவுக்கும் ஒரு சந்நிதி உண்டு. நம் வடமொழிப் பெயரில் க்ஷிதிகர்ப்பர். பிறக்காமலே போன சிசுக்களை 'மிஸுகோ', அதாவது 'நீர்க் குழந்தை' என்கிறார்கள். அந்தப் பிஞ்சுகளைத் தன் அங்கிக்குள் ஒளித்துக் காப்பவர் ஜிஸோ என்பது நம்பிக்கை. ஜிஸோ சிலைகளின் கழுத்தில் குழந்தைக்குக் கட்டுவது போலவே சிவப்புத் துணி கட்டுவார்கள்.

இருபது வருஷத்துக்கு முன் எனக்கும் ஐந்தாம் மாசத்தில் ஒன்று தங்காமல் போயிற்று. "அதையே நினைச்சிட்டிருக்காதே, அடுத்தது வரும்" என்றார்கள். வந்தது, இன்று காலேஜில் படிக்கிறாள். ஆனாலும் முதலில் வந்ததற்காக ஒரு கும்பிடு போட எனக்கு இடமே இருந்ததில்லை. அன்று கை கூப்பி நின்றேன். "நானும் மறக்கலை" என்றார் அவர், மெதுவாக. இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ பக்கத்து வீட்டுக்காரிக்கோ இப்படி நேர்ந்தால், மறந்துவிடு என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்வதைக் கேளுங்கள், போதும்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை: பஸ்ஸில் மேலே ஏறி, நடந்து கீழே இறங்குங்கள். சைவர்கள் 'யுடோஃபு' சாப்பிடலாம். கடல்பாசி போட்ட வெந்நீரில் வெந்த டோஃபு. தொட்டுக்கொள்ளும் ஸாஸில் மீன் சாறு சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். நான் வெறும் உப்புத் தொட்டே சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது!