எர்ரர் வந்தால் பயம் வேண்டாம்: லினக்ஸ் சாப்ட்வேரை விண்டோஸில் ஏற்றுவது எப்படி?

லினக்ஸில் ஓடும் ஒரு ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் உங்களுக்குத் தேவைப்படுகிறது. விண்டோஸுக்கான பதிப்பு இல்லை. ஆனால் சோர்ஸ் கோடு முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. டவுன்லோடு செய்து கம்பைல் செய்தால் ஆயிற்று என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்போம். பத்தாவது நிமிடம் திரை முழுக்க எர்ரர் மெசேஜ்கள் ஓடும். பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள். மீதிப் பேருக்காக இந்தக் கட்டுரை.

நான் மாட்டிக்கொண்ட கதையையே சொல்கிறேன். கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். 2001-ல் விண்டோஸ் 98 கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, முரசு அஞ்சலில் டைரி எழுத ஆரம்பித்தார். எட்டு வருடம் விடாமல் எழுதினார். பெரியம்மா உயிரோடு இருந்த கடைசி வருடங்கள் முழுவதும் அதில் இருக்கின்றன. எல்லாம் திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் சேமித்த சாதாரண டெக்ஸ்ட் பைல்கள். இப்போது அவரிடம் உள்ள விண்டோஸ் 10-ல் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் விசித்திரக் குறிகளுமாகத் தெரிகின்றன.

"எனக்கு அனுப்புங்க பெரியப்பா, அஞ்சு நிமிஷத்துல யூனிகோடுக்கு மாத்தித் தர்றேன்" என்றேன்.

"டைரியை எப்படிடா அனுப்பறது? இங்கேயே மாத்திக்கிற மாதிரி ஏதாவது செஞ்சு கொடு" என்றார். நியாயம்தான்.

ஒரு போல்டரில் உள்ள திஸ்கி பைல்களை மொத்தமாக யூனிகோடுக்கு மாற்றும் சின்னப் புரோகிராம் ஒன்றை லினக்ஸில் நான் பயன்படுத்தியிருக்கிறேன். யாரோ ஒரு புண்ணியவான் 2000-களின் தொடக்கத்தில் சி மொழியில் எழுதியது. சுமார் 600 வரிகள். அதை விண்டோஸுக்குக் கொண்டுபோக ஒரு சனிக்கிழமை போதும் என்று நினைத்தேன்.

முதலில் சொந்த வீட்டில் ஓடுகிறதா?

எடுத்த எடுப்பில் விண்டோஸுக்குப் போகாதீர்கள். அந்த சாப்ட்வேர் பிறந்த ஆபரேட்டிங் சிஸ்டத்திலேயே, இன்றைய கம்பைலரில் ஒருமுறை கம்பைல் செய்து பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது லினக்ஸிலேயே எர்ரர் வந்தது! காரணம் ஆபரேட்டிங் சிஸ்டம் அல்ல, வயது. ஒரு பங்ஷனை முன்கூட்டி அறிவிக்காமல் பயன்படுத்துவதை அந்தக் காலத்து ஜிசிசி கம்பைலர் வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடும். 2024-ல் வந்த ஜிசிசி 14 அதை எர்ரர் என்று சொல்லி நிறுத்திவிடுகிறது.

இதைப் பழையபடி எச்சரிக்கையாக மாற்றும் ஆப்ஷன் உண்டு. பலரும் அதைப் போட்டு நகர்ந்துவிடுவார்கள். செய்யாதீர்கள். அறிவிப்பு இல்லாத பங்ஷன் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று கம்பைலர் ஊகித்துக்கொள்ளும். உண்மையில் அது தருவது ஒரு மெமரி முகவரியாக இருந்தால், 64 பிட் கம்ப்யூட்டரில் பாதி முகவரி வெட்டுப்பட்டுவிடும். புரோகிராம் எங்கோ ஓர் இடத்தில் படுத்துக்கொள்ளும். விடுபட்ட ஹெடர் பைலின் பெயரை மேலே ஒரு வரி சேர்த்தால் போதும். எனக்கு இரண்டு வரி தேவைப்பட்டது. இனி வரும் எர்ரர்கள் எல்லாம் விண்டோஸ் சம்பந்தப்பட்டவைதான் என்ற தெளிவு கிடைத்தது.

சிக்வினா, மின்ஜிடபிள்யூவா?

விண்டோஸில் இதற்கு இரண்டு வழிகள் பிரபலம். சிக்வின் என்பது 1995 முதல் இருப்பது. லினக்ஸ் போன்ற சூழலை ஒரு டிஎல்எல் பைல் மூலம் விண்டோஸுக்குள் உருவாக்கித் தருகிறது. கோடில் அதிகம் கை வைக்க வேண்டாம். ஆனால் புரோகிராமுடன் அந்த டிஎல்எல்லும் கூடவே போக வேண்டும். மின்ஜிடபிள்யூ அப்படியல்ல, நேரடியாக விண்டோஸ் புரோகிராமையே உருவாக்கும். எர்ரர் அதிகம் வரும், ஆனால் கடைசியில் ஒரே ஒரு இஎக்ஸ்இ பைல் கையில் கிடைக்கும். பெரியப்பாவுக்கு இரட்டை கிளிக் மட்டும்தான் சரிப்படும் என்பதால் எம்சிஸ்2 இன்ஸ்டால் செய்து அதிலுள்ள மின்ஜிடபிள்யூவை எடுத்துக்கொண்டேன்.

(பெரிய சாப்ட்வேர் என்றால் சோர்ஸ் கோடை விரிக்கும்போதே தகராறு வரலாம். லினக்ஸ் கெர்னலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை மட்டும் வைத்து வேறுபடும் பைல் ஜோடிகள் இருக்கின்றன. விண்டோஸ் அவற்றை ஒரே பைல் என்று நினைத்து ஒன்றின் மேல் ஒன்றை எழுதிவிடும். என்னுடையது சின்னப் புரோகிராம், தப்பித்தேன்.)

கடைசி வரி எதற்கும் உதவாது

மேக் என்று டைப் செய்து என்டர் தட்டினேன். எர்ரர் வந்தால் நம் கண் திரையின் கடைசி வரிக்குத்தான் போகும். அங்கே "எர்ரர் 1" என்றோ, "எல்டி ரிட்டர்ண்டு 1" என்றோ இருக்கும். ஏதோ தோற்றுவிட்டது என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. மேலே ஸ்க்ரோல் செய்து, முதல் எர்ரரைத் தேடுங்கள். அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். கீழே இருந்த இருபதில் பதினைந்து தானாக மறைந்துவிடும்.

எனக்கு வந்த முதல் எர்ரர், லாங்இன்போ என்ற ஹெடர் பைல் இல்லை என்பது. திரையில் எந்த எழுத்துக் குறியீடு பயன்படுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள லினக்ஸில் உள்ள வசதி அது; மின்ஜிடபிள்யூவில் கிடையாது. விண்டோஸ் என்றால் இந்தப் பகுதியைத் தவிர்க்கவும் என்று நிபந்தனை போட்டேன். அழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நிபந்தனை போட்டால் அதே கோடு லினக்ஸிலும் தொடர்ந்து ஓடும்.

அடுத்தது, "டூ மெனி ஆர்குமென்ட்ஸ் டு பங்ஷன் எம்கேடிஐஆர்". புதிய போல்டர் உருவாக்கும் பங்ஷன் இது. லினக்ஸில் போல்டரின் பெயர், யாரெல்லாம் திறக்கலாம் என்ற அனுமதி எண் என இரண்டு விவரங்கள் தர வேண்டும். விண்டோஸில் பெயர் மட்டும்தான்.

இந்த இடத்தில் ஒரு விபரீத யோசனை வந்தது. மாற்றிய பைல்களைப் புதிய போல்டரில் போடுவதற்குத்தானே இந்த வரி? அதையே எடுத்துவிட்டு, பழைய போல்டரிலேயே எழுதினால் என்ன? இரவு 11 மணிக்கு அது நல்ல யோசனையாகவே தெரிந்தது. நல்லவேளை, அடுத்த பங்ஷனைப் படித்தேன். அந்தப் புரோகிராம் பழைய பைலைப் படிக்கத் திறந்து, உடனே அதே பெயரில் புதிய பைலை எழுதத் திறக்கிறது. இரண்டும் ஒரே போல்டரில் இருந்தால், ஒரு எழுத்தைக்கூடப் படிக்கும் முன்பே பழைய பைல் காலியாகிவிடும். எட்டு வருட டைரி போயிருக்கும். இங்கேயும் நிபந்தனை போட்டு, விண்டோஸுக்கு ஒரு விவரம், லினக்ஸுக்கு இரண்டு என்று எழுதினேன்.

லிங்க் எர்ரர் சொன்ன ரகசியம்

கம்பைல் முடிந்து லிங்க் கட்டத்துக்கு வந்தது. எல்லாத் துண்டுகளையும் லைப்ரரிகளோடு சேர்த்து இஎக்ஸ்இ ஆக்கும் கட்டம். "அன்டிபைன்ட் ரெபரன்ஸ் டு லிப்ஐகான்வ் ஓபன்" என்றது.

ஐகான்வ் என்பது ஒரு குறியீட்டிலிருந்து இன்னொன்றுக்கு எழுத்துகளை மாற்றும் பங்ஷன்களின் தொகுப்பு. லினக்ஸில் அது கிளிப்சி என்ற அடிப்படை லைப்ரரியிலேயே இருக்கிறது; தனியாகக் கேட்க வேண்டியதில்லை. மின்ஜிடபிள்யூவில் ஜிஎன்யூ லிப்ஐகான்வ் என்ற தனி லைப்ரரி. ஆகவே மேக்பைலில் -எல்ஐகான்வ் என்று சேர்க்க வேண்டும். சேர்த்தேன். அதே எர்ரர்! அரை மணி நேரம் வீணானது. லிங்கர் இடமிருந்து வலமாகப் போகும். லைப்ரரியைக் கேட்கும் பைல்கள் முன்னால், லைப்ரரி பின்னால் வர வேண்டும். நான் முன்னால் போட்டிருந்தேன். வரியின் கடைசிக்கு மாற்றியதும் இஎக்ஸ்இ பிறந்தது.

ஓட்டினால், "இந்த மாற்றம் கிடையாது" என்று நின்றுவிட்டது. கம்பைலும் சரி, லிங்கும் சரி, பிறகு என்ன? லிங்க் எர்ரரில் இருந்த பெயரை நான் சரியாகப் படிக்கவில்லை. கோடில் இருப்பது ஐகான்வ் ஓபன். எர்ரரில் வந்தது லிப்ஐகான்வ் ஓபன். இது கிளிப்சியின் ஐகான்வ் அல்ல, அதே வேலையைச் செய்யும் வேறொன்று என்று அந்த மெசேஜே சொல்லியிருக்கிறது. கிளிப்சிக்குத் திஸ்கி தெரியும். லிப்ஐகான்வுக்குத் தெரியாது.

எனவே திஸ்கி அட்டவணையை நானே எழுத வேண்டியதாயிற்று. "க்" என்பது திஸ்கியில் ஒரே குறி, யூனிகோடில் ககரமும் புள்ளியுமாக இரண்டு. "கொ" திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே ஒற்றைக் கொம்பு, க, கால் என்று சேமிக்கப்படும். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. வரிசையைத் திருப்ப வேண்டும். ஞாயிறும் போயிற்று.

ஒரு வரி தமிழ், ஒரு வரி சீனம்

சோதிக்க பெரியப்பா ஒரே ஒரு பைல் தந்திருந்தார். ஒரு கல்யாணத்துக்கு எழுதிய வாழ்த்து, ஒரே பாரா. அழகாக மாறியது. இஎக்ஸ்இயை அனுப்பினேன். மறுநாள் போன்.

"முதல் வரி தமிழ்ல வருது. ரெண்டாவது வரி சைனீஸ் மாதிரி இருக்குடா. மூணாவது மறுபடி தமிழ்."

நோட்பேடில் திறக்க வசதியாக யூடிஎஃப்-16 வடிவத்தில் எழுதச் சொல்லியிருந்தேன். அதில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு பைட். விண்டோஸில் ஒரு பைலை டெக்ஸ்ட் முறையில் திறந்து எழுதினால், வரி முடிவுக்கான பைட்டைப் பார்க்கும்போதெல்லாம் அதற்கு முன்னால் இன்னொரு பைட்டைத் தானாகச் சேர்த்துவிடும். லினக்ஸில் இந்தப் பழக்கம் இல்லை. ஒரு பைட் கூடியதும் இரண்டாவது வரியில் ஜோடிகள் எல்லாம் ஒன்று தள்ளிப் பிரிந்து, சீன, கொரிய எழுத்துகளாகத் தெரியும். அந்த வரியின் முடிவில் இன்னொரு பைட் சேர, மூன்றாவது வரி மறுபடி சரியாகிவிடும். என் சோதனைப் பைலில் ஒரே வரி; எப்படித் தெரியும்? பைலைத் திறக்கும் இரண்டு இடங்களிலும் பைனரி முறை என்பதற்கான "பி" என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தேன். அவ்வளவுதான்.

அதன் பிறகு மூன்று நாள் சத்தமே இல்லை. நான்காம் நாள் கூப்பிட்டார். எல்லாம் படிக்க முடிகிறதாம். ஆனால் நான் போட்டுக்கொடுத்த நோட்பேட்++-ல் "கௌரி" என்று தேடினால் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். "கண்ணு முன்னாடி பக்கத்துக்குப் பக்கம் இருக்கு, தேடினா இல்லைங்குது" என்றார்.

கௌரி, பெரியம்மாவின் பெயர்.

என் அட்டவணையில் ஒகர, ஓகாரக் குறிகளைச் சேர்த்து எழுதியவன், ஔகாரத்தை மறந்திருந்தேன். கொம்பும் அதன் பின்பாதியும் இரண்டு தனிக் குறிகளாகவே போயிருந்தன. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடும்போது வேறு. கல்யாண வாழ்த்தில் ஔகாரமே வரவில்லை. நான்கு வரி சேர்த்து மூன்றாவது இஎக்ஸ்இயை அனுப்பினேன். அன்றிரவே, 2003 போல்டரில் மட்டும் 211 இடத்தில் வருகிறது என்று போன் செய்தார்.