மழைக்காலத்தில் நீரைக் காத்தல்

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் தமிழ்நாட்டுக் குடியானவர்கள் ஆவலுடன் எதிர்நோக்கும் மாதங்களாகும். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்திலேயே கிடைக்கிறது. ஆனால் ஏரியும் கிணறும் நிரம்பும் இதே காலத்தில் வயிற்றுப்போக்கு, வாந்திபேதி, டைபாய்டு சுரம், மஞ்சட்காமாலை முதலிய நோய்களும் கிராமங்களில் தலைகாட்டுகின்றன. நனைவதாலும் குளிர்காற்றாலுமே இவை வருகின்றன என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வெளியிற் கிடக்கும் மலத்தையும் குப்பையையும் மழைநீர் அடித்துச் சென்று குடிநீரிற் சேர்ப்பதே முதற் காரணமாகும். ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர், 1884-ஆம் ஆண்டில் வாந்திபேதிக் கிருமியைக் கல்கத்தாவில் மக்கள் புழங்கிய குளத்து நீரிலேயே கண்டார். ஆகவே மழைக்காலச் சுகாதாரம் என்பது பெரும்பாலும் நீரைக் காப்பதேயாகும்.

கிணற்றில்

குடிநீர்க் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும், சுற்றிலும் சிமிண்டுத் தளமும், சிந்தும் நீர் விலகிச் செல்ல வடிகாலும் இருத்தல் வேண்டும். மலக்குழி 15 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருப்பது அவசியம். கிணற்றங்கரையில் துணி துவைத்தலும் மாடு கழுவுதலும் கூடா. அவரவர் வீட்டுத் தோண்டியை இறக்காமல் பொதுவாளி ஒன்றையே பயன்படுத்துவது நலம்.

கிணற்று நீரைச் சுத்தி செய்யப் பிளீச்சிங் பவுடர் ஏற்றது. 1,000 லிட்டர் நீருக்குச் சுமார் 2½ கிராம் நல்ல பவுடர் வேண்டும். நீரின் அளவைக் காண வழி எளிது: கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் பெருக்கி, வரும் தொகையை 785 ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்குக் கிடைக்கும். விட்டம் 2 மீட்டரும் நீரின் ஆழம் 3 மீட்டரும் உள்ள கிணற்றில் 9,420 லிட்டர் நீர் இருக்கும். அதற்குச் சுமார் 24 கிராம் பவுடர் போதும். பவுடரை முதலிற் சிறிது நீரிற் குழைத்து, பின் வாளி நீரிற் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் கிணற்றில் விட்டுக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழியாமல் நீர் இறைக்கலாகாது. இரவில் இட்டுக் காலையில் இறைப்பது உத்தமம். கலங்கிய நீருக்கு இந்த அளவு போதாதாகையால் சுகாதார ஆய்வாளரைக் கேட்டுச் செய்க. ஈரம் பட்ட பழைய பவுடர் வலுவிழந்துவிடும்.

குழாய் நீர் வரும் ஊர்களிலும் கவலையின்றி இருத்தல் கூடாது. நீர் நின்றிருக்கும் வேளையில், உடைந்த குழாய்வழியே சாக்கடை நீர் உட்புகும். உடைப்பைக் கண்டவர் உடனே ஊராட்சிக்குத் தெரிவித்தல் கடமை.

வீட்டில்

துணியில் வடிகட்டுவதால் மண்ணும் தூசியும் நீங்குமேயன்றிக் கிருமிகள் நீங்கா. நீரை நன்றாகத் தளதளவெனக் கொதிக்கவைத்தல் வேண்டும். அவ்வாறு கொதித்த நீரைப் பச்சைத்தண்ணீர் விட்டு விளாவிக் குடிப்பவர், விறகையும் வீணாக்கி நோயையும் தேடிக்கொள்கின்றனர். ஆறிய நீரை மூடிய பானையில் வைத்து, கைபடாதவாறு நீண்ட பிடியுள்ள அகப்பையால் மொள்ள வேண்டும். மலங்கழித்த பின்னும் உண்ணுமுன்னும் சோப்பினாற் கை கழுவுதல் இன்றியமையாதது.

கார்காலத்தில் பசித்தீ மந்தமாகும் என்பது பழைய வைத்தியக் கொள்கை. அதனையொட்டி உணவைச் சூடாகவும் மிதமாகவும் உண்ணும் வழக்கம் நல்லதே. சமைத்தவுடன் உண்ணும் உணவிற் கிருமி பெருக இடமில்லை. மிளகு ரசமும் சுக்குக் கஷாயமும் இதமளிக்கும்; ஆயினும் அசுத்த நீரின் தீங்கை அவை மாற்றமாட்டா.

முற்றத்திலும் வயலிலும்

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு பகலிற் கடிப்பது. வீட்டருகே தேங்கும் தெளிந்த நீரில் வளர்வது. கொட்டாங்கச்சி, ஆட்டுக்கல், பழைய டயர், மூடாத தொட்டி ஆகியவையே அதன் இருப்பிடங்கள். முட்டைகள் பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல மாதம் உயிருடனிருக்கும். ஆதலால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த வயல்நீர், காலிலுள்ள புண்வழியே எலிக்காய்ச்சலைத் தரும். நடவுக்குச் செல்வோர் புண்ணை நீர்படாமற் கட்டிக்கொள்வதும், காய்ச்சல் கண்டால் வயலில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்வதும் அவசியம்.

நோயாளியின் உடலில்

பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று தாகத்தோடு கிடத்தும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இதைவிடக் கொடிய தவறு வேறில்லை. குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் நீரும் உப்பும் வற்றுவதேயாகும். 1971-ஆம் ஆண்டில் வங்காளத்து எல்லையிலுள்ள போன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவி, ஊசிவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழி கொடுக்கச் செய்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். சர்க்கரையின் துணையால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்கிறது.

சுகாதார நிலையத்திற் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதிற் குறித்த அளவு நீரிற் கரைத்துக் கொடுப்பது சிறந்தது. அது கிட்டாதபோது, கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் ½ தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம்; உப்பு மிகுந்தால் ஆபத்து. சிறிது சிறிதாகக் கரண்டியாற் புகட்டுக. வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து மீண்டும் புகட்டுக. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. கரைத்தது ஒரு நாளுக்குமேல் உதவாது. துத்தநாக மாத்திரையைச் சுகாதார ஊழியர் சொல்லும் அளவில் 14 நாள் கொடுத்தல் வேண்டும். கண்கள் குழிவிழுதல், சிறுநீர் நின்றுபோதல், மலத்தில் இரத்தம், குடிக்க இயலாத சோர்வு ஆகியவற்றில் எது தோன்றினும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வழியிலும் நீர் புகட்டுதல் நிற்கக் கூடாது.

இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பமே. வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, ஊரார் ஒன்றுகூடிக் கிணற்றையும் தெருவையும் கவனித்து, வீட்டுக்கொரு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் சேகரித்து வைப்பார்களாயின், மழை பயிரைக் காப்பது போலவே அக்கிராமம் தன் குழந்தைகளையும் காத்துக்கொள்ளும்.