பத்திரிகை செருகும் பித்தளைத் தாங்கிக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா?

பிரான்சின் பழம்பொருள் சந்தைகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு சாமான் உண்டு. முழங்கால் உயரம் இருந்தால் அதிகம். மெல்லிய பித்தளைக் குழாய்க் கால்கள், மேலே விரிந்து கீழே ஒடுங்கும் இரண்டு தட்டிகள், தூக்கிப் போக நடுவில் ஒரு கைப்பிடி. சோபா ஓரமாக வைத்து வார இதழ்களைச் செருகிக்கொள்ளும் தாங்கி. அவ்வளவுதானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள்!

முதலில் அந்தப் பொன்னிற உலோகத்தைப் பாருங்கள். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதோடு கலக்க வேண்டிய துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும்! ஒன்று உருகும் முன்பே மற்றது பறந்து போய்விட்டால் பித்தளை எப்படிப் பிறக்கும்? ரோமானியக் கொல்லர்கள் துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பிரித்தெடுக்கத் தெரியாமலேயே இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டார்கள், தெரியுமா? துத்தநாகத் தாதுவைப் பொடித்து, கரித்தூளோடும் செம்புத் துண்டுகளோடும் மூசைக்குள் போட்டு மூடினார்கள். செம்பு உருகாத பதத்தில் சூடேற்றினார்கள். தாதுவிலிருந்து கிளம்பிய ஆவி வெளியேற வழியில்லாமல் செம்புக்குள்ளேயே ஊறியது. சிவப்பு மஞ்சளானது! அந்தப் பித்தளையில் காசுகூட அடித்தார்கள். துத்தநாகத்தைத் தனியே வடித்தெடுக்க இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் காப்புரிமை பெற்றது 1738-இல்தான். ராஜஸ்தானின் ஜாவரில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

சரி, தாங்கி தேவைப்பட வேண்டுமானால் வீட்டில் இதழ்கள் குவிய வேண்டுமே! 1843-இல் தொடங்கிய 'லில்லுஸ்த்ராசியோன்' பிரெஞ்சு வீடுகளைப் படங்களால் நிறைத்தது. 1881 ஜூலை 29-ஆம் தேதிச் சட்டம் பத்திரிகைகளின் கைவிலங்கை அவிழ்த்தது. பிறகு வந்தார் ழான் புரூவோ என்ற கம்பளி ஆலை முதலாளி. 1937-இல் 'மரி கிளேர்', 1949-இல் 'பாரி மாட்ச்' இரண்டையும் கொண்டுவந்தவர் அவரே! இடையில் 1945-இல் எலென் கோர்தோன்-லசாரெஃப் 'எல்' இதழைத் தொடங்கினார். இன்று பழம்பொருள் பிரியர்கள் தேடி அலையும் தாங்கிகளில் பெரும்பாலானவை இந்த இதழ்கள் கொடிகட்டிப் பறந்த பத்தாண்டுகளில் செய்தவை.

இனி, நான் சொல்லத் துடிக்கும் ஆள். மாத்தியூ மத்தேகோ, 1910-இல் ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் குடியேறியவர். இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார், ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். சிறைக் காலத்தில் அவரை ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போட்டார்கள். அங்கேதான் உலோகத் தகட்டின் மீது அவருக்குக் காதல் பிறந்தது! விடுதலையாகி வந்ததும் பட்டறை போட்டார். தகடு முழுக்கச் சின்னஞ்சிறு துளைகள் போட்டால் அதைத் துணிபோல மடிக்கலாம், அலையலையாக வளைக்கலாம் என்று கண்டு, அந்த முறைக்குக் காப்புரிமையும் வாங்கினார். அவருடைய பத்திரிகைத் தாங்கியை அருகில் போய்ப் பாருங்கள். இரும்புத் தகடுதான், வண்ணம் பூசியது. சிலவற்றில் பித்தளை கைப்பிடியாகவோ குமிழாகவோ மின்னும். வெளிச்சம் அந்தத் துளைகள் வழியே சுவரில் விழும்போது கம்பளமே நெய்து விரித்த மாதிரி இருக்கும். பொருத்தம் பாருங்கள்: அதே மத்தேகோ பிற்காலத்தில் உலோகத்தை விட்டுவிட்டுச் சுவர்த் திரைச்சீலை நெசவுக்கு வடிவம் வரையப் போய்விட்டார்!

ழாக் அத்னே என்ற வடிவமைப்பாளர் இன்னொரு வகை. 1950களில் எர்மெஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, குதிரைச் சேணம் தைக்கிற அதே தையலில் உலோகக் குழாய்களுக்குத் தோல் உறை போட்டார். மூங்கில் கணுக்களைப் போலப் பித்தளையைக் கடைந்து இடையிடையே வைத்தார். தொட்டால் தோல், பார்த்தால் மூங்கில், தூக்கினால் உலோகம்!

மூங்கில் கணு வைத்த பித்தளைத் தாங்கிகளைப் பல கடைகளில் 'மேசோன் ழான்சன்' பாணி என்று சொல்லி விற்பார்கள். 1880-இல் தொடங்கிய ழான்சன் அலங்காரக் கடை லேசுப்பட்டதா? ஜாக்குலின் கென்னடி வெள்ளை மாளிகையின் அறைகளைப் புதுப்பிக்க நம்பிய ஸ்தேஃபான் பூதேன் அந்தக் கடையின் தலைவர். 1971-இல் ஈரானின் ஷா பெர்செபோலிஸ் பாலைவெளியில் மன்னர்களுக்கும் அதிபர்களுக்கும் விருந்து வைத்தாரே, அந்தக் கூடார நகரத்தை அலங்கரித்ததும் ழான்சன்தான்! முத்திரையோ ரசீதோ இல்லாத தாங்கிக்கு வெறும் பெயரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கூடவே ஒரு காந்தத்தைக் கொண்டு போங்கள். பித்தளையில் அது ஒட்டாது. ஒட்டினால், அடியில் இருப்பது இரும்பு.

வாங்கி வந்ததும் நம் வீட்டுக் குத்துவிளக்கு நினைப்பில் புளி போட்டுத் தேய்த்துவிட வேண்டாம். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் பிரான்சின் திராட்சையிலும் இருக்கிறது. களிம்பைக் கரைப்பதில் அது கெட்டிக்கார அமிலம்தான். ஆனால் பல தாங்கிகளுக்கு மினுமினுப்பு மங்காமல் இருக்க லாக்கர் பூச்சு கொடுத்திருப்பார்கள். அழுத்தித் தேய்த்தால் அது திட்டுத் திட்டாக உரிந்துவிடும். மெல்லிய துணியால் துடைத்தாலே போதும்.

அம்மோனியா கலந்த திரவத்தை மட்டும் கிட்டவே சேர்க்காதீர்கள். ஏன் தெரியுமா? பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் யாரும் தொடாமலே விரிசல் விட்டன! குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், குளிர்நிலையில் இழுத்து வடிவமைத்த பித்தளைக்குள் அடங்கிக் கிடந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல்தான் விஞ்ஞானிகள் தெளிவாக நிறுவினார்கள். தாங்கியின் வளைத்த கால்களுக்குள்ளும் அதே இறுக்கம் இருக்கக்கூடும்.