கெண்டைக்கால் வலி: காரணமும் பரிகாரமும்

2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்துவிட்ட செம்பாக்கத்தின் பேருந்து நிறுத்தத்தில், அண்டைக் கிராமத்துக் குடியானவர் ஒருவரைக் கண்டோம். நூறு கஜம் நடப்பார். கெண்டைக்கால் கல்லாய் இறுகியதென்று நிற்பார். இரண்டு நிமிஷத்தில் வலி அகலும். மறுபடியும் அதே தூரத்தில் அதே வலி. வாயுவென்று எண்ணி ஓராண்டாகத் தைலம் தேய்த்து வந்தாராம். சட்டைப் பையில் பீடிக்கட்டு இருந்தது.

இது சதையின் குற்றமன்று. காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயின் உட்புறம் கொழுப்புப் படிந்து குறுகுவதால், நடக்கும்போது சதைக்கு வேண்டிய பிராணவாயு கிட்டுவதில்லை. நின்றால் தேவை குறைந்து வலி தணிகிறது. புகையிலையும் நீரிழிவுமே இதற்குப் பெருங்காரணங்கள். பீடி பிடிக்கும் வாலிபர்களுக்கும் குழாய் அடைபடும் வேறொரு நோய் வருவதுண்டு. 1908-இல் நியூயார்க்கில் லியோ பர்கர் என்ற மருத்துவர் அதனை விளக்கினார். பீடியைக் குறைத்தால் போதாது, அறவே விடவேண்டும். இல்லையேல் விரல் கறுத்துக் காலையே எடுக்க நேரிடலாம். கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டே மருத்துவர் இதைப் பெரும்பாலும் கண்டறிவார். மருந்தோடு, வலிக்கும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடக்கும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளேனும் அரைமணி நேரம் செய்தல் நலம்.

நள்ளிரவில் உறக்கம் கலைக்கும் குரக்குவலி வேறு. வெயிலில் வியர்வை சிந்தி உழைப்போர், கர்ப்பிணிகள், முதியோர், நீர்பிரியும் மாத்திரை உண்போர் ஆகியோரை இது வாட்டும். முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியைத் தம்மை நோக்கி இழுத்துப் பிடித்தால் சதை இளகும். உப்பிட்ட நீராகாரம் உழைப்பாளிக்கு ஏற்றது. இரத்தக் கொதிப்புள்ளவர் மருத்துவரைக் கேட்டே பருகவேண்டும். நீரிழிவால் மரத்துப்போன காலுக்கு வெந்நீர் ஒத்தடம் ஆகவே ஆகாது; சுட்டது தெரியாமலே புண்ணாகிவிடும்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடேறி வலித்தால் அதைத் தேய்க்கலாகாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. அன்றே மருத்துவமனை செல்லவேண்டும்.

ஏரிகள் மலிந்த நம் பகுதிக்கு 2015 டிசம்பர் வெள்ளம் மறக்கக்கூடியதன்று. தேங்கிய நீரில் நடந்த சில நாட்களில் காய்ச்சலும், கண்சிவப்பும், தொட்டாலே தாளாத கெண்டைச்சதை வலியும் கண்டால், அது எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். தாமதித்தால் சிறுநீரகம் கெடும். தொடக்கத்திலேயே மருத்துவரை அணுகினால் எளிய மருந்தில் குணமாகும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் வீடு தேடி வந்து இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் பார்க்கின்றனர். அவர்கள் வரும் நாளில், நடந்தால் கால் வலிக்கிறதா என்று வீட்டாரைக் கேட்கும் பொறுப்பைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஏற்கலாம். பலர் தாமாகச் சொல்வதில்லை.

அக்குடியானவரைச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தோம். பீடியை விட்டு ஆறு மாதமாகிறது. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வருவதற்குள் முன்பு நான்கு முறை நின்றவர், இப்போது ஒருமுறைதான் நிற்கிறார்.