கூலி கேளாத கட்டடக் கலை

திருக்குர்ஆனின் 'அல்கஹ்ஃப்' அத்தியாயத்தில் இரண்டு கட்டுமானங்கள் பேசப்படுகின்றன. ஒன்று, விருந்தளிக்க மறுத்த ஓர் ஊரில் விழும் நிலையிலிருந்த சுவர். மூஸா (அலை) அவர்களுடன் சென்ற இறையடியார் அதனைக் கூலியின்றி நிமிர்த்துகிறார். அதனடியில் இரு அநாதைச் சிறுவர்களின் புதையல் இருந்ததைப் பின்னரே விளக்குகிறார் (18:77, 82). மற்றொன்று, துல்கர்னைன் எழுப்பிய தடுப்பு. கொடுமைக்கு அஞ்சிய மக்கள் பொருள் தர முன்வந்தபோது அவர் அதனை ஏற்கவில்லை. அவர்களது உழைப்பையே கேட்டார். இரும்புப் பாளங்களைக் கொணர்ந்ததும் துருத்தி ஊதியதும் அம்மக்களே (18:94-96).

இவ்விரண்டாம் நிகழ்ச்சி ஆழ்ந்து எண்ணத்தக்கது. நுட்பம் அறிந்தவர் அறிவைக் கொடையாக்குகிறார். தேவையுடையோர் உழைப்பைத் தருகின்றனர். இங்கே இரவலர் எவருமில்லர், பங்காளிகளே உளர். மதீனாப் பள்ளிவாசல் எழுந்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களோடு தாமும் பச்சைச் செங்கல் சுமந்த வரலாறும் இப்பண்பையே காட்டுகிறது.

நம் காலத்தில் இவ்வழி நின்றவர் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹீ (1900-1989). இரண்டாம் உலகப் போரில் மரம் கிட்டாதபோது, சாரமின்றி மண்கல் வளைவுக் கூரை அமைக்க முயன்றார், அது சரிந்தது. அஸ்வான் பகுதியின் நூபியக் கொத்தனார்களிடம் அவ்வித்தை வாழ்ந்துகொண்டிருந்தது. பின்சுவரில் சாய்த்து, வரிசை மேல் வரிசையாகக் கற்களை ஒட்டிச் செல்லும் அவர்களுக்கு மரச்சட்டம் தேவைப்படவில்லை. கற்றவர் பாமரரிடம் மாணவரானார். ஆயினும் 1945-இல் பணி ஒப்படைக்கப்பட்ட புதிய குர்னா கிராமம் முற்றுப்பெறவில்லை. கல்லறைகளைச் சார்ந்தே பிழைத்த குர்னா மக்கள் இடம்பெயர விரும்பவில்லை, அம்முடிவு அரசினுடையது. மக்களின் இசைவில்லாத இடத்தில் சிறந்த கலையும் தோற்கும் என்பது அவ்வூர் தரும் பாடம்.

பாகிஸ்தானின் முதல் பெண் கட்டடக் கலைஞரான யாஸ்மீன் லாரி, தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின் 2005 நிலநடுக்கத்தில் வீடிழந்தோரிடம் சென்றார். மண், சுண்ணாம்பு, மூங்கில் ஆகியவற்றால் மக்கள் தாமே வீடு கட்டப் பயிற்சியளித்தார். வீட்டைத் தானமாகத் தருவதைவிடக் கட்டும் திறனைத் தருவதே தன்மானத்தைக் காக்கும் என்பது அவர் கொள்கை. பிரித்தானிய அரச கட்டடக் கலைக் கழகம் 2023-இல் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

இவ்வறிவு நமக்குத் தொலைவிலில்லை. விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் இயங்கும் மண்கட்டடப் பயிற்சி நிறுவனம், மண்ணோடு நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு சிமெண்ட் கலந்து, சூளையிடாமல் அழுத்திச் செய்யும் கற்களின் நுட்பத்தைக் கற்பித்து வருகிறது. 2001 குஜராத் நிலநடுக்கத்திற்குப்பின் அந்நுட்பத்தால் 2,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அங்கு எழுந்தன.

2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. செஞ்சிக்குத் தெற்கேயுள்ள அனந்தபுரம் போன்ற ஊர்களிலும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மண்சுவர் வீட்டிற்கு வேண்டுவன எளியவை: நீர் தொடாத உயரத்திற்குக் கல் கடைக்கால், சாரல் படாதவாறு நீண்ட இறவாரம், சுண்ணாம்புப் பூச்சு, காற்றில் கூரை பறவாதபடி சுவரோடு பிணைப்பு. இவற்றைச் சொல்லித்தர ஒரு பொறியாளரின் சில விடுமுறை நாள்கள் போதும்.

நம் சமுதாயம் ஸகாத்தும் ஸதக்காவும் வழங்குவதில் பின்தங்கியதன்று. ஆனால், பொறியியலும் கட்டடக் கலையும் பயின்று வரும் நம் இளைஞரின் கல்வியும் கணக்கில் சேரவேண்டிய செல்வமே. மனிதன் இறந்தபின்னும் தொடரும் நன்மைகளுள் நிலையான தர்மத்தையும் பயன்தரும் கல்வியையும் நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டுள்ளார்கள். ஓர் ஏழையின் வீட்டை அவரோடு சேர்ந்து கட்டி, அவ்வூர்க் கொத்தனாருக்கும் அந்நுட்பத்தைக் கற்பிப்பவர் இவ்விரண்டையும் ஒருசேர ஈட்டுகிறார். அந்நற்பேற்றை நம் இளைஞருக்கு வல்ல இறைவன் அருள்வானாக!